அப்பாவின் டெபாசிட்டுக்கு அப்பாயி நாமினி

எங்கள் அப்பா 2022 கார்த்திகையில் தஞ்சாவூர் மருத்துவமனை ஒன்றில் இறந்தார். அவர் பெயரில் வங்கியில் கிடந்த பணம் அம்மாவின் கணக்குக்கு வந்து சேர்ந்தபோது 2024 முடியப்போகிறது. நடுவில் ஏறக்குறைய இரண்டு வருடம் வி.ஏ.ஓ., தாலுகா அலுவலகம், வங்கி, வக்கீல், கோர்ட் என்று அலைந்தோம். செலவு மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டியது. கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன், லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள். அந்தப் பிடித்தத்தை இந்த ஒரு லட்சத்தில் சேர்க்கவில்லை. சொத்துத் தகராறு எதுவும் எங்கள் வீட்டில் கிடையாது. அம்மா, நான், தங்கை, தம்பி நாலு பேரும் ஒரே பேச்சுதான். சண்டையே இல்லாத குடும்பத்துக்கே இந்தப் பாடு என்றால் சண்டை உள்ள வீட்டை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அப்பா விவசாயி. அணைக்கரைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் எங்கள் கிராமம். ஒன்பது மா நிலம், எங்கள் பக்கத்துக் கணக்கில் மூன்று ஏக்கர். அதுபோக விக்கிரவாண்டி-தஞ்சாவூர் நான்குவழிச் சாலைக்குக் கொஞ்சம் நிலத்தை எடுத்துக்கொண்டு இழப்பீடு கொடுத்திருந்தார்கள். அந்தப் பணத்தைத்தான் அப்பா வங்கியில் மூன்று ரசீதாக டெபாசிட் போட்டு வைத்திருந்தார். சேமிப்புக் கணக்கையும் சேர்த்தால் பன்னிரண்டு லட்சம் சொச்சம். தபால் அலுவலகத்தில் தனியாக மூன்று லட்சத்துக்குள். எல்.ஐ.சி. பாலிசி ஒன்று. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன், அம்மாவின் வளையலை வைத்து வாங்கிய நகைக்கடன். கடனும் சொத்துக் கணக்கில்தான் சேரும் என்பதால் அதையும் சொல்கிறேன்.

எல்.ஐ.சி. சிரமமே தரவில்லை. நாமினி அம்மா. இறப்புச் சான்று, பாலிசி பத்திரம், அம்மாவின் பாஸ்புக் நகல் கொடுத்தோம், வந்துவிட்டது. வங்கியும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துப் போனோம். கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "நாமினி உங்க அப்பாவோட அம்மா பேர்ல இருக்கு, அவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றார். அப்பாயி இறந்து கால் நூற்றாண்டு ஆகிறது. அப்பா கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கிய சேமிப்புக் கணக்கில் தன் தாயை நாமினியாகப் போட்டிருக்கிறார். பிற்பாடு டெபாசிட் போட்டபோது, கணக்கில் இருந்த அதே பெயரை ரசீதுக்கும் ஏற்றிவிட்டார்கள். ரசீதின் ஓரத்தில் பொடி எழுத்தில் "நாமினேஷன் பதிவு செய்யப்பட்டது" என்று மட்டும் இருந்தது. யார் பெயர் என்று இல்லை. அதைப் பார்த்து அம்மா தன் பெயர்தான் என்று நம்பியிருந்தாள். இதைப் படித்ததும் முதல் வேலையாக உங்கள் அப்பா, மாமனார் யாராக இருந்தாலும் நாமினி பெயரை ரசீதில் எழுத்தாகப் போட்டுத் தரச் சொல்லி வாங்கி வையுங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்று சட்டமே வந்துவிட்டது.

வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்கவேண்டிய ஆள்தான், அவரே சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். இது உச்ச நீதிமன்றம் 1983-லேயே ஆயுள் காப்பீட்டு வழக்கு ஒன்றில் சொன்னது. ஆனால் நாமினி உயிரோடு இருந்தால் வங்கி அவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கையை உதறிக்கொள்ளும், அந்தச் சௌகரியம் பெரியது. எங்களுக்கு அது இல்லை. நாமினி முன்பே இறந்துவிட்டால் நாமினியே போடாத கணக்கு மாதிரிதான். அப்போது ஒவ்வொரு வங்கியும் ஒரு வரம்பு வைத்திருந்தது. அதற்குள் என்றால் வாரிசு சான்றும், பின்னால் சிக்கல் வந்தால் நாங்கள் பொறுப்பு என்று எழுதித்தரும் பொறுப்புறுதிப் பத்திரமும் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவார்கள். நாங்கள் போன கிளையில் வரம்பு ஐந்து லட்சம். மேலாளர் தன்மையாகத்தான் பேசினார். "கோர்ட்ல சக்சஷன் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்கம்மா, அடுத்த நாளே கொடுத்துடறேன்" என்றார்.

இங்கேதான் எல்லாரும் குழம்புகிறார்கள், நாங்களும் ஊர்க்காரர்கள் பத்துப் பேரிடம் பத்து விதமாகக் கேட்டுக் குழம்பினோம். தாசில்தார் கொடுப்பது வாரிசு சான்று. இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்று மட்டும் அது சொல்லும். பட்டா மாற்றத்துக்கும் சின்னத் தொகைகளுக்கும் அது போதும். கோர்ட் கொடுப்பது சக்சஷன் சர்டிபிகேட், இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-இன் கீழ் வருவது. இறந்தவருக்கு வரவேண்டிய பணம், டெபாசிட், பங்குப் பத்திரம் இவற்றை வசூலிக்கும் அதிகாரம் அதில் இருக்கிறது. அதைப் பார்த்துப் பணம் கொடுத்த வங்கியை நாளைக்கு வேறொருவர் வந்து கேள்வி கேட்க முடியாது. அந்தப் பாதுகாப்புக்காகத்தான் வங்கி அதைக் கேட்கிறது. நிலத்துக்கும் வீட்டுக்கும் இந்த கோர்ட் சான்று செல்லாது. நிலம், பணம் எல்லாவற்றையும் சேர்த்து நிர்வகிக்க ஒரே அதிகாரம் வேண்டுமென்றால் அதற்கு நிர்வாக அதிகாரப் பத்திரம், அதாவது லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் என்று தனியாக ஒன்று உண்டு. உயில் இருந்து, அதில் நிறைவேற்றுபவர் பெயரும் இருந்தால் அவர் புரொபேட், அதாவது உயில் செல்லும் என்ற கோர்ட் சான்று கேட்பார். உயில் இருந்து நிறைவேற்றுபவர் இல்லையென்றால் உயிலை இணைத்து நிர்வாக அதிகாரப் பத்திரம் கேட்க வேண்டும். அதை வாங்கினால் ஆறு மாதத்தில் சொத்துப் பட்டியலும் ஒரு வருடத்தில் கணக்கும் கோர்ட்டில் காட்ட வேண்டும். எங்கள் டெல்டாப் பக்கம் இருக்கிற சொத்துக்கு இந்துக்கள் இங்கேயே எழுதிய உயிலென்றால் புரொபேட் கட்டாயமில்லை, சென்னை நகரத்துக்காரர்களுக்குத்தான் அது கட்டாயமாக இருந்தது, அதையும் 2025 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு உயில் இல்லை, நிலத்தில் தகராறு இல்லை, ஆகவே வக்கீல் சக்சஷன் போதும் என்றார். அது சரிதான். உங்கள் வக்கீல் எதைப் போடப்போகிறார், ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

முதலில் வாரிசு சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பக் கட்டணம் அறுபது ரூபாய். வாசலில் நின்ற ஆள் மூவாயிரம் கேட்டார். விண்ணப்பம் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று கம்ப்யூட்டரிலேயே நகரும், யார் மேஜையில் நிற்கிறது என்று நாமே பார்க்கலாம். எங்களுடையது வி.ஏ.ஓ.விடமே நின்றது. போய்க் கேட்டால், "பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிடுச்சில்ல, அவங்களையும் சேர்க்கணுமாம்மா?" என்று அம்மாவிடம் கேட்டார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன்! 1956 சட்டத்தில் மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள், ஆளுக்குச் சம பங்கு. மகள் கல்யாணமானவளா இல்லையா என்ற பேச்சே அதில் இல்லை. கோபம் வந்தது, ஆனால் அந்த நாற்காலியிடம் சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "சேர்க்கணும் சார், இல்லேன்னா பின்னால சான்றே ரத்தாயிடும்" என்றேன். உண்மையும் அதுதான். ஒரு வாரிசை விட்டு வாங்கிய சான்று எப்போது வேண்டுமானாலும் கழுத்தைப் பிடிக்கும்.

அடுத்த கேள்விதான் எங்களைப் போட்டு வாட்டியது. "உங்க மாமியார் இறந்ததுக்குச் சான்று எங்கே?" இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு என்று சொன்னேன் அல்லவா? தகப்பன் அந்த வகுப்பில் வரமாட்டார், தாய் வருவாள். அப்பாயி அப்பாவுக்கு முன்பே போய்விட்டாள் என்று காட்டினால்தான் அவளுக்குப் பங்கில்லை. ஒரு நாள் பின்னால் இறந்திருந்தால்கூட அவள் பங்கு சித்தப்பாவுக்கும் அத்தைகளுக்கும் பிரியும். நாமினி இறந்ததற்கு வங்கியும் அதே சான்றைக் கேட்டது. வீட்டில் எங்கே தேடியும் இல்லை. கிராமத்தில், வீட்டுத் திண்ணையில் இறந்தவள். அந்தக் காலத்தில் வி.ஏ.ஓ.தான் பதிவார். பதிந்தாரா என்பதே யாருக்கும் தெரியவில்லை.

அத்தைகளைக் கேட்டால் ஆடிப்பெருக்குக்கு மறுநாள் என்றார்கள். எந்த வருடம்? பெரிய அத்தை 98 என்றாள், சின்ன அத்தை தன் பிள்ளைக்கு மொட்டை போட்ட வருடம், ஆகவே 99 என்றாள். கிராமத்துப் பழைய பதிவேடுகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும் என்று ஓய்வுபெற்ற தலையாரி ஒருவர் சொல்லி அங்கே தேடுதல் மனு போட்டோம். பைண்டிங் பிரிந்து, நூல் தொங்கிய தடிமனான பதிவேடு. எழுத்தர் ஒவ்வொரு தாளாக, கிழிந்துவிடுமோ என்று உள்ளங்கையைக் கொடுத்துப் புரட்டினார். 98-இல் இல்லை. 99-இல் ஆகஸ்ட் மாதத்துப் பக்கத்தின் அடியில் அப்பாயி பெயர், கணவர் பெயர், காரணம் என்ற இடத்தில் "முதுமை". அந்த நீல மசியைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே மட்டும் இல்லையென்று சொல்லியிருந்தால், பதிவு இல்லை என்று ஒரு சான்று வாங்கி, ஒரு வருடத்துக்கு மேல் தாமதமான இறப்புக்கு உரிய உத்தரவு கேட்டுக் கோட்டாட்சியர் அலுவலகம் போயிருக்க வேண்டும். வீட்டில் பழைய இறப்பு ஏதாவது பதியாமல் கிடந்தால் இப்போதே தேடிவிடுங்கள். நாள் சொல்லக்கூடிய கிழவிகள் உயிரோடு இருக்கும்போதே.

பெயர்த் தகராறு இன்னொன்று. அப்பாவுக்கு வங்கியில் இரண்டு முன்னெழுத்து, ஊர் எழுத்தும் தாத்தா எழுத்தும். ஆதாரில் ஒரே எழுத்து. பட்டாவில் முன்னெழுத்தே இல்லை, தாத்தா பெயர் முழுசாக. இறப்புச் சான்றுக்கு மருத்துவமனையில் படிவம் நிரப்பியது தங்கை வீட்டுக்காரர், கையில் இருந்த ஆதாரைப் பார்த்து எழுதிவிட்டார், அந்த நேரத்தில் வேறென்ன செய்வார்? இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். இறந்த இடம் தஞ்சாவூர் என்பதால் பதிவும் அங்கேதான், எங்கள் ஊரில் இல்லை. பதிவாவதற்கு முன் படிவத்தை ஒருமுறை பார்த்து, வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரும் ஆதார் பெயரும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். பதிவான பிறகு திருத்துவது தனிப் படலம். எங்களுக்கு மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று தாலுகா அலுவலகச் சான்றும் நோட்டரி பிரமாணப் பத்திரமும் தேவைப்பட்டன. கோர்ட் மனுவிலும் "இன்னார் என்கிற இன்னார்" என்று எல்லாப் பெயரையும் வக்கீல் எழுதினார். அது நல்ல யோசனை, இல்லாவிட்டால் சான்று கைக்கு வந்த பிறகு வங்கி மறுபடி மூக்கைச் சிந்தும்.

இதற்கிடையே சம்பா அறுப்புக்கு நின்றது. கதிர் பழுத்தால் தாசில்தாருக்காகக் காத்திருக்காது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டால் பணம் பதிவு செய்தவரின் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். பதிவு இருந்தது அப்பா பெயரில். "ஏ.டி.எம். கார்டு கையில இருக்கில்ல, அண்ணன் பேர்லயே போட்டுட்டு எடுத்துக்கலாமே அண்ணி" என்று சித்தப்பா நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன். இறந்த தேதிக்குப் பிறகு அந்தக் கணக்கில் கார்டு போட்டு எடுத்தது தெரிந்தால், நாளைக்குக் கேட்பதற்கு இடம் கொடுத்ததாகிவிடும். ஏற்கெனவே அம்மா வங்கியில் சொல்லிவிட்டதால் கணக்கு முடக்கத்தில் இருந்தது, போட்டிருந்தால் நெல்லுப் பணமும் உள்ளே மாட்டியிருக்கும். சாகுபடி செய்வது அம்மா என்று அடங்கலில், அதாவது வி.ஏ.ஓ.வின் சாகுபடிக் கணக்கில் எழுதி வாங்கி, அம்மா பெயரில் புதுப் பதிவு போட்டுத்தான் மூட்டையை ஏற்றினோம். இந்த ஒரு விஷயத்தில் அதே வி.ஏ.ஓ. உடனே செய்து கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும். பயிர்க்கடனுக்குத் தவணை தேதி தாண்டினால் வட்டிச் சலுகை போய்விடும், ஆள் இறந்தது அதற்குத் தெரியாது. நெல்லுப் பணத்தில் முதலில் அதை அடைத்தோம். நகைக்கடனுக்கு வட்டியை யார் வேண்டுமானாலும் கட்டலாம், ஆனால் நகையைத் திருப்ப வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள்.

வாரிசு சான்று கைக்கு வந்ததும் வக்கீல். இறந்தவர் குடியிருந்த ஊர் எந்த கோர்ட் எல்லையோ அங்கேதான் மனு. இறந்த இடம் தஞ்சாவூராக இருந்தாலும் மனு எங்கள் பகுதி கோர்ட்டில்தான். மனுவில் ஒவ்வொரு டெபாசிட்டின் எண், தொகை, இன்றைய தேதிக்கு வட்டியோடு எவ்வளவு என்று அட்டவணை போட வேண்டும். வங்கியில் போய் அந்தக் கணக்கைக் கேட்டால், "கோர்ட் சர்டிபிகேட் இல்லாம இறந்தவர் கணக்கு விவரம் தர முடியாது" என்றார்கள். கோர்ட்டோ விவரம் இல்லாமல் மனுவை எடுக்காது. மனு ரிட்டர்ன் ஆனது. சரி செய்து போட்டோம், மறுபடி ரிட்டர்ன். மனுவை ஏற்று நம்பர் ஆவதற்கே சில மாதங்கள் ஓடின. கடைசியில் அம்மா பெயரில் ஒரு கடிதம், இறப்புச் சான்று, வாரிசு சான்று, ரசீதுகளின் நகல் இணைத்து, "நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்வதற்காக மட்டும்" என்று எழுதிப் பதிவுத் தபாலில் கிளைக்கும் அதன் மண்டல அலுவலகத்துக்கும் அனுப்பினோம். பத்து நாளில் இருப்புக் கடிதம் வந்தது. நேரில் கெஞ்சிக்கொண்டு நின்ற அத்தனை காலத்தில் கிடைக்காதது ஒரு ஒப்புகை அட்டையில் கிடைத்தது. எதையும் வாய்ப்பேச்சில் கேட்காதீர்கள்.

இன்னொன்று, பணம் மிச்சப்படுத்துகிற விஷயம். கோர்ட் கட்டணம் நாம் கேட்கும் தொகைக்கு ஏற்ப விழுக்காட்டில் வரும். அதனால் கோர்ட் சான்று இல்லாமலேயே கிடைக்கக்கூடிய தொகையை மனுவில் சேர்த்துக் கட்டணத்தை ஏற்றிக்கொள்ள வேண்டாம். எங்கள் வக்கீல் முதலில் தபால் அலுவலகப் பணத்தையும் பட்டியலில் போட்டிருந்தார். தபால் சேமிப்பில் நாமினி இல்லாவிட்டாலும் ஐந்து லட்சம் வரை, இறந்து ஆறு மாதம் ஆன பிறகு, பிரமாணப் பத்திரம், பொறுப்புறுதிப் பத்திரம் வைத்துக் கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. போஸ்ட் மாஸ்டரே அதைச் சொன்னார். நீக்கச் சொன்னேன். ஆனால் கோர்ட் சான்று நிச்சயம் தேவைப்படுகிற எதையும் விட்டுவிடாதீர்கள். விட்டுப்போனால் சான்றை நீட்டித்துத் தரச் சொல்லி மறுபடி மனு போட சட்டத்தில் வழி உண்டு, ஆனால் மறுபடி வக்கீல், மறுபடி வாய்தா. ஆகவே வக்கீலிடம் போவதற்கு முன் பணம் இருக்கும் ஒவ்வொரு இடத்திலும், "இதற்கு எந்தச் சான்று வேண்டும்" என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். பாஸ்புக்கை வரி வரியாகப் படியுங்கள். வருடத்துக்கு ஒருமுறை 20 ரூபாயோ 436 ரூபாயோ பிடித்திருந்தால் அது பிரதமர் பெயரில் உள்ள காப்பீடு. முதலாவது விபத்துக்கு மட்டும், இரண்டாவது எந்தச் சாவுக்கும், இரண்டிலும் இரண்டு லட்சம். பத்து வருடம் கேட்பாரற்றுக் கிடந்த கணக்கு ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போயிருக்கும். அதை உத்கம் என்ற இணையதளத்தில் தேடலாம், 2023-இல் தொடங்கியது.

தம்பி சிங்கப்பூரில். அவனை எதிர்மனுதாரராகச் சேர்த்து, ஆட்சேபணை இல்லை என்று சொல்ல வைக்க வேண்டும். "அக்கா, லீவு இல்ல, நான் என்ன பண்ணட்டும்?" என்றான். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் தங்கைக்கு அதிகாரப் பத்திரம் எழுதிச் சான்றொப்பம் வாங்கி அனுப்பினான். அந்தத் தாள் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டி முத்திரை வாங்க வேண்டும். இது வக்கீலின் குமாஸ்தா சொல்லித்தான் தெரிந்தது. கெடு முடிய இரண்டு வாரமே இருந்தது. குமாஸ்தாக்களை மதியுங்கள், பாதி கோர்ட் அவர்கள் தலையில்தான் ஓடுகிறது.

நம்பர் ஆன பிறகு தமிழ் நாளிதழில் விளம்பரம் கொடுக்கச் சொன்னார்கள், யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் இந்தத் தேதியில் ஆஜராகலாம் என்று. யாரும் வரவில்லை. அப்புறம் வாய்தா. ஒரு நாள் நீதிபதி லீவு, ஒரு நாள் வக்கீல்கள் புறக்கணிப்பு, மே மாதம் விடுமுறை. ஒவ்வொரு தடவையும் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டுப் போய்த் திரும்பினேன். பிற்பாடுதான் வழக்கின் பதினாறு இலக்க எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த தேதியும் அன்றைய நிலவரமும் தெரியும் என்று கண்டுகொண்டேன். அம்மா சாட்சி சொன்ன நாள் எனக்கு மறக்காது. கோர்ட்டுப் படி ஏறாத குடும்பம் என்று சொல்லிக்கொண்டே வளர்ந்தவள். டவாலி பெயரைக் கூப்பிட்டதும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனாள். நீதிபதி அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "செருப்பு போட்டுக்கிட்டே வரலாம்மா" என்றார். கூண்டில் நின்றது ஐந்து நிமிடம்கூட இருக்காது. கணவர் பெயர், எப்போது இறந்தார், பிள்ளைகள் எத்தனை, வேறு யாரும் உரிமை கேட்கிறார்களா. ஆவணங்களுக்கு பி-1, பி-2 என்று எண் போட்டார்கள். வெளியே வந்து, "இதுக்கா இவ்வளவு நாள்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பெரிய பங்கு வக்கீல் கட்டணத்துக்கும் கோர்ட் கட்டணத்துக்கும் போனது. விளம்பரம், நோட்டரி, நகல் மனு, தம்பியின் பத்திரத்துக்கு முத்திரை எல்லாம் சில்லறை சில்லறையாகச் சேர்ந்து பெரிதானது. வக்கீலிடம் மொத்தத் தொகை பேசிக்கொள்ளுங்கள், வாய்தாவுக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். இதைவிட முக்கியமானது, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு, 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் இருக்கிறது. வட்ட சட்டப் பணிகள் குழு கோர்ட் வளாகத்துக்குள்ளேயே இருக்கும். அம்மா மனுதாரர் என்பதால் அவளுக்கு வக்கீலையே இலவசமாகக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பலகையைத் தாண்டித்தான் நாங்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போனோம். ஒரு மனிதர்கூட அதைக் காட்டிச் சொல்லவில்லை.

சான்று வாங்கி வங்கிக்குப் போனால் "அடுத்த நாளே" என்றவர் மாறுதலாகிப் போய்விட்டார். புதியவர் முதலிலிருந்து படித்தார். பணம் வந்தது, ஆனால் குறைவாக. டெபாசிட் முதிர்ந்தது அப்பா இறந்த பிறகு. முதிர்வுக்குப் பிந்தைய காலத்துக்குச் சேமிப்புக் கணக்கு வட்டி மட்டும் போட்டிருந்தார்கள். டெபாசிட்தாரர் முதிர்வுக்கு முன்பே இறந்திருந்தால், முதிர்வு நாள் வரை பேசிய வட்டியும், அதன் பிறகு பணம் கொடுக்கும் நாள் வரை, முதிர்வு நாளில் அத்தனை காலத்துக்கு நடப்பில் இருந்த டெபாசிட் விகிதத்தில் தனிவட்டியும் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதை அச்செடுத்து இணைத்துக் கடிதம் கொடுத்தேன். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் புகார் போடலாம், அதற்குக் கட்டணம் கிடையாது என்றும் கடைசி வரியில் எழுதினேன். புகார் போடும் வேலை வரவில்லை, மீதி வட்டி அம்மா கணக்கில் ஏறிவிட்டது.

எனக்கு வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி புது விதி கொண்டுவந்தது. நாமினி இல்லாத கணக்குகளுக்கு, தகராறும் உயிலும் இல்லையென்றால், பதினைந்து லட்சம் வரை (கூட்டுறவு வங்கிகளில் ஐந்து லட்சம்) கோர்ட் சான்று கேட்காமல் எளிய முறையில் முடிக்க வேண்டும், எல்லா ஆவணமும் கொடுத்த பதினைந்து நாளில் பணம் தர வேண்டும், தாமதித்தால் கூடுதல் வட்டி. 2026 மார்ச் 31-க்குள் எல்லா வங்கியும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கெடு. எங்களுடைய பன்னிரண்டு லட்சம் அந்த வரம்புக்குள் வந்திருக்கும். இனிமேல் உங்களை யாராவது வழக்கப்படி "கோர்ட்டுக்குப் போங்க" என்று சொன்னால், இந்த விதியைச் சொல்லி, முடியாது என்றால் அதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நிலத்துக்கு இப்போது நாலு பேர் பெயரிலும் கூட்டுப்பட்டா ஆகிவிட்டது. நானும் தங்கையும் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று உறவில் சிலர் பேசுகிறார்கள், தம்பி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, அம்மா இருக்கும்வரை அந்தப் பேச்சு வேண்டாம் என்று நாங்களும் விட்டுவிட்டோம். கூட்டுறவுச் சங்கத்தில் அப்பா பெயரில் பங்குத்தொகை ஒன்று கிடப்பது போன மாதம்தான் தெரிந்தது. சில நூறு ரூபாய். அதற்கு வாரிசு சான்று போதும் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். அசலை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை அம்மாவே போகிறாளாம், என்னை லீவு போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.